வெறும் பாட்டில் திரும்பாத ஊர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். டான்யூப் காற்று ஏப்ரல் வரைக்கும் எலும்பைத் தேடி வரும். செத்து மூன்று வருடம் ஆன மனிதர் ஒருவர் ஒரே நாளில் அறுபது கிராம் உப்பு தின்றார் என்று எங்கள் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் சொன்னதே, அந்தக் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். பேய்க்கதை இல்லை, பயப்படாதீர்கள். யார் மேலும் கோபித்துக்கொள்ளவும் இதில் இடமில்லை. தப்பு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

பொதுச் சுகாதார ஆய்வுத் துறை என்று பெரிதாகப் பலகை மாட்டியிருக்குமே தவிர, நாலாம் மாடியில் அதற்கு இருந்தது மூன்று அறை. லிஃப்ட் மனம் வைத்தால் ஓடும். பேராசிரியர் மிஞ்சேவ், கணக்குப் போடும் லாஸர், டாக்டர் வெசெலினா என்று ஆராய்ச்சிக்கு மூன்று பேர். நாலாவது நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. அதில் உட்கார்ந்திருந்த பெண் வியன்னாவுக்குப் போனாள். அதற்கப்புறம் விளம்பரம் கொடுத்து வந்த பையன், சம்பளத்தைக் கேட்டுவிட்டு மருந்துக் கம்பெனிக்குப் போனான். நான் இருபத்தாறு வருடமாக அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். எண்ணிக்கையில் சேராத ஆள்.

அந்த இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நாலு ஆராய்ச்சிப் பணியிடமும் நிரம்பியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது வெளிநாட்டு இதழ் ஒன்றில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். மே மாதக் கடைசியில் குழு வந்து பார்க்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துறையைக் கலைத்துவிடுவார்கள். பேராசிரியருக்கு ஓய்வூதியம் இருந்தது. லாஸரைக் கணிதத் துறை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். வெசெலினாவுக்குத்தான் போக்கிடம் இல்லை. இருந்த ஒரே போக்கிடம் ஹானோவர்.

வெளிநாட்டு வேலைக்குக் கூப்பிட்ட அந்த ஹானோவர் ஆஸ்பத்திரிக் கடிதம் வெசெலினா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே தொங்கியது. ஜூன் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். புருஷன் ஸ்டோயில் ரொட்டிக்காரன். கூட்டாளியோடு சேர்ந்து மார்க்கெட் பக்கத்தில் அடுப்பு வைத்திருந்தான். விடிகிற நேரத்தில் அந்தத் தெரு முழுக்க அவன் ரொட்டி வாசனைதான். மாமியார் கெர்கினா ஏழாம் மாடி வீட்டில் அவர்களோடு இருந்தாள். கீழே நிலவறையில், குளிர்காலத்துக்கு உப்பு போட்டு முட்டைக்கோஸ் ஊறவைக்கிற அவளுடைய பீப்பாய் இருந்தது. மகனைப் பிரிந்தாலும் பிரிவாள், அந்தப் பீப்பாயைப் பிரியமாட்டாள்.

ஸ்டோயில் ஒருநாள் அந்த வீட்டில் என் முன்னாலேயே வெசெலினாவிடம் சொன்னான்.

"நீ போறதுன்னா போ, வெசெலா. நான் குறுக்க நிக்கல. அங்க வந்து மூட்டை தூக்கச் சொன்னா எனக்கு முடியாது, மாவு பிசையற கை இது. ஆனா நீ போனா நான் நல்லா இருப்பேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாத. பொய் சொல்ல வராது எனக்கு."

கடிதம் நேராகத்தான் தொங்கியது. இருந்தாலும் வெசெலினா அதை இன்னொரு முறை நேராக்கிவிட்டுப் போனாள்.

ஆக, ஒரு கட்டுரை, ஓர் ஆள். இரண்டும் மே மாதத்துக்குள். அது இல்லையென்றால் வருடத்தில் பதினாலு நாள் மட்டும் ஊருக்கு வந்துபோகிற பெண்டாட்டி.

கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது உப்பு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ரத்தக் கொதிப்பு இல்லாத வீடு கிடையாது. உப்பு உடம்புக்குள் எங்கே இருந்து வருகிறது? ரொட்டியிலிருந்துதான் என்று வெசெலினா நினைத்தாள். நினைத்ததோடு விடாமல், புருஷன் ரொட்டியிலேயே உப்பைக் குறைக்க வைத்தாள். மார்க்கெட்டே அவனைப் பிடித்துக்கொண்டது. "உன் பொண்டாட்டி ரொட்டியையும் ஆஸ்பத்திரியில சேத்துட்டாளா?" என்று மீன்காரன் தினமும் கேட்டான். கெர்கினா மட்டும் நிம்மதியாக இருந்தாள். மருமகளின் கண் ரொட்டியில் இருக்கிறவரை பீப்பாய்ப் பக்கம் வராது அல்லவா.

ஜனவரியில் கோர்னா வ்ரனாவுக்குப் போனோம். அறுபது வீட்டு ஊர். உப்பை அளக்க நம்பகமான வழி ஒன்றுதான்: ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்து வைத்துச் சோதிப்பது. நகராட்சிப் பட்டியலைப் பார்த்து, வீட்டுக்கு இரண்டு பாட்டில், கணவனுக்கு ஒன்று மனைவிக்கு ஒன்று என்று நூற்றிருபது இரண்டு லிட்டர் பாட்டில்களில் நானே பெயரும் எண்ணும் ஒட்டினேன். ஊர் மன்றத்தில் அடுப்பைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். எங்களை ரொட்டியும் உப்புமாக வரவேற்றார்கள். உப்பை ஆராய வந்தவள் அந்த உப்பைத் தொட்டுத் தின்றுதான் பேச்சை ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வாள்? முதல் நாள் காலையில் தொடங்கி மறுநாள் காலைவரை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அவள் விளக்க, முன் வரிசைப் பெண்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர், ரெண்டு லிட்டர் போதுமா, தனக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிலையும் கடன் வாங்கணுமே என்றார்.

அந்த ஊருக்கு டாக்டர் கிடையாது. ஊசி, கட்டு, பிரஷர் எல்லாம் நர்ஸ் கீனாதான். பட்டியலில் ஊரில் இல்லாத பெயர் இருந்தால் அவள் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். அந்த வாரம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நகரத்துக்குப் போயிருந்தாள். அதனால் பாட்டில்களை மருத்துவ நிலையத்து வாசலில், பனிக்குள் வைத்த பெட்டிகளில் போட்டுவிட்டுப் போகச் சொன்னோம்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நூற்றிருபதும் திரும்பி வந்திருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூடக் காலியில்லை. பேராசிரியர் மிஞ்சேவ் தொப்பியைக் கழற்றிவிட்டார். நாற்பது வருட வேலையில் இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பார்த்ததில்லை என்று வண்டியில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் சின்னக் குழாய்களில் ஊற்றி உறைய வைத்தது நான். இரண்டு முகமூடி போட்டிருந்தேன். போதாததற்கு எனக்கு அப்போது பயங்கரச் சளி. முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பது துடைக்கும்போதுதான் தெரிந்தது.

மார்ச் பிறந்து, எல்லார் மணிக்கட்டிலும் நலம் வேண்டிச் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டியிருந்த நாளில் சோதனை முடிவு வந்தது. லாஸர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் வெசெலினாவைக் கூப்பிட்டான்.

"டாக்டர், நூத்திமூணு பேர் மனுஷங்க. மீதிப் பதினேழு பேர் கருங்கடலைக் குடிச்சிருக்காங்க."

ஆளுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது கிராம் உப்பு. அதைவிட மோசம், தசையுள்ள எந்த மனிதனின் சிறுநீரிலும் இருந்தே ஆக வேண்டிய ஒரு கழிவுப்பொருள் அந்தப் பதினேழு பாட்டிலிலும் கொஞ்சமும் இல்லை. யாரோ உப்புத் தண்ணீர் கலந்து விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பதினேழு பொய் என்றால் மற்றவை மெய் என்று எந்த இதழ் நம்பும்? பேராசிரியர் நாலாவது நாற்காலியில், அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெசெலினா மணிக்கட்டு நூலைத் திருகிக்கொண்டு, "அப்ப ஹானோவர்தான்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை நான் அவர்கள் நிலவறையில் இருந்தேன். பீப்பாய் என்றால் சும்மா இருக்க விடக் கூடாது. அடியிலிருக்கும் குழாயைத் திறந்து, குளிர் பூரா நாங்கள் டம்ளரில் குடிக்கிற அந்தச் சாற்றை வாளியில் பிடித்து, மறுபடி மேலே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கோஸ் கீழே ஒரு ருசி மேலே ஒரு ருசி ஆகிவிடும். கெர்கினாவுக்கு முழங்கால் வலி, அதனால் வாளி தூக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். வெசெலினா கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ஸ்டோயில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டான். கெர்கினாவின் காது பாதிதான் எங்களிடம் இருந்தது. மீதி குழாயில் விழுகிற சாற்றில் இருந்தது.

"எவ்வளவுன்ன?" என்றாள் திடீரென்று.

"ரெண்டு லிட்டர்ல அறுபது கிராம், அத்தை."

"லிட்டருக்கு முப்பது." அவள் குழாயை மூடினாள். "மஞ்சளா இருந்துச்சா?"

"மஞ்சளாத்தான் இருந்துச்சு," என்றேன் நான். "லேசா."

கெர்கினா ஒரு டம்ளரில் சாற்றைப் பிடித்து விளக்குக்கு நேரே காட்டினாள். இளமஞ்சளாக, துளி கலங்கலாக இருந்தது. அந்த நிறத்தைத்தான் நான் பதினேழு முறை குழாயில் ஊற்றியிருந்தேன்.

"நாப்பது வருஷமா லிட்டருக்கு முப்பதுதான் நான் போடறேன். இது எவளோ என்னை மாதிரி ஒருத்தி பீப்பாய்டி, பொண்ணே. உங்களுக்குக் கோஸ் சாறு கொடுத்து விட்டுருக்காங்க. நீங்க அதைக் கொண்டுபோய்ச் சோதனை பண்ணிருக்கீங்க."

முதலில் ஸ்டோயில்தான் சிரித்தான். சிரித்துச் சிரித்துப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டான். நான் சளி பிடித்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெசெலினா என் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, அவள் கண் டம்ளரை விட்டு நகரவில்லை.

மறுநாள் ரொட்டி இறக்கிவிட்டு வந்த வண்டியிலேயே ஸ்டோயில் எங்களைக் கோர்னா வ்ரனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பட்டியலைக் கீனா கையில் கொடுத்தோம். பதினேழு பெயரையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். இவர் ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கிறார். இவரும் ஸ்பெயின். இந்த அம்மா மகளோடு இத்தாலியில் இருக்கிறாள். இவர் கல்லறையில். இவரும் அங்கேதான், இவருக்கு இரண்டு வரிசை தள்ளி.

நகராட்சி பழைய பட்டியலைக் கொடுத்திருந்தது. ஊரில் இல்லாதவர்களுக்கெல்லாம் நான் பெயர் ஒட்டி, வீடு தேடிப் போய்ப் பாட்டில் கொடுத்திருந்தேன்.

முதல் வீடு த்சோன்காவுடையது. புருஷன் ஸ்வெத்கோ இறந்து மூன்று வருடம். அவள் எங்களை உட்காரவைத்து, வறுத்த மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டுத்தான் கேள்வியைக் காதில் வாங்கினாள். ஆமாம், கோஸ் சாறுதான் என்றாள். இதில் என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள்.

"என் பாட்டில்ல நீங்க கேட்டதைக் கொடுத்தேன். அவர் பாட்டில் சும்மா இருந்துச்சு. வந்த பாத்திரத்தை வெறுசா எப்படித் திருப்பறது, டாக்டரம்மா? எங்க அம்மா என்னை அப்படி வளக்கல. குளிர்ல அம்புட்டு தூரம் வந்திருந்தீங்க, இந்த அம்மாவுக்கு அன்னிக்குச் சளி வேற. நல்லதா இருக்குமேன்னு பீப்பாயோட நடுச்சாறு பிடிச்சு ஊத்தினேன்."

வெசெலினா, அதில் பெயர் இருந்ததே அக்கா, சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டாள்.

த்சோன்கா மேசை விரிப்பைத் தடவிவிட்டாள். "பேர் இருந்துச்சு, அதனாலதான் சொல்லல. மூணு வருஷமா இந்த வீட்டுக்கு அவர் பேர்ல ஒண்ணும் வரல. மின்சார பில்கூட என் பேருக்கு மாத்திட்டாங்க. அன்னிக்கு ஸ்வெத்கோ இவனோவ்னு எழுதிக் கொண்டாந்து வாசல்ல கொடுத்தீங்க. ஆள் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஸ்டோயில் எழுந்து போய் அடுப்பில் ஒரு விறகைப் போட்டான். அடுப்புக்கு விறகு தேவைப்படவில்லை.

பதினேழு வீட்டிலும் இதே கதைதான். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. அவரவர் வீட்டில் அவரவருக்குத் தோன்றியது. சனிக்கிழமை பஜாரில் இது வெளியே தெரிந்து, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஸ்பெயினில் இருக்கிறவன்கூடப் போன் பண்ணித் தன் பிரஷர் எவ்வளவு என்று விசாரித்தானாம்.

வண்டியில் திரும்பும்போது வெசெலினா நோட்டை மடியில் விரித்து எண்களை எழுதிக்கொண்டே வந்தாள். பாலம் தாண்டினதும் லாஸருக்குப் போன் போட்டாள். அந்தப் பதினேழு வீட்டிலும் சாற்றில் உப்பு எவ்வளவு என்று நம்மிடம் இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிறவரின் உடம்பில் உப்பு எவ்வளவு என்பதும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்றாள். நகரத்துக்குள் நுழையும் முன்னே அவன் கூப்பிட்டுவிட்டான். பீப்பாயில் உப்பு ஏற ஏற உடம்பிலும் ஏறுகிறதாம், படிக்கட்டு மாதிரி. பதினேழு போதாது, அறுபது வீட்டுச் சாறும் வேண்டும் என்றான்.

யார் ஆராய்ச்சியிலும் பீப்பாயை அளந்ததாக வெசெலினா படித்ததில்லை. எல்லாரும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இந்த ஊர்ப் பெண்கள் கேட்காமலே அளந்து கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கீனா வீடு வீடாகப் போனாள். பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டு, ஊரில் மூச்சு விடுகிறவர்களை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினாள். சாறு பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், ஒவ்வொரு வீட்டிலும் வாரத்துக்கு எத்தனை ரொட்டி, எத்தனை டம்ளர் சாறு என்று குறித்தாள். அந்தக் குறிப்பு நோட்டைப் பார்த்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இப்படி வேலை செய்கிற ஆள் பட்டம் மட்டும் வாங்கியிருந்தால் என்று பெருமூச்சு விட்டார்.

"பட்டம் இருக்கு சார்," என்றாள் கீனா. "சுகாதார நிர்வாகம், முதுகலை. சனி ஞாயிறு பஸ்ஸுல போய்ப் படிச்சேன், ஆறு வருஷம் முன்ன. யாரும் கேக்கல, நானும் சொல்லல. டிராயர்ல கெடக்கு, மேல பஞ்சு டப்பா இருக்கு."

பேராசிரியர் அவளை உட்காரச் சொன்னார். எந்த நாற்காலியைக் காட்டினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டு வரமாட்டேன் என்றாள். வர வேண்டாம், ஆராய்ச்சி நடப்பதே அங்கேதானே என்றார் அவர்.

கட்டுரை ஏப்ரலில் போனது. உப்பு ரொட்டியிலிருந்து அல்ல, பெரும்பாலும் பீப்பாயிலிருந்துதான் வருகிறது என்ற அதன் சாரத்தை வீட்டில் சொன்னபோது ஸ்டோயில் ரொட்டியை எடுத்து, தடிமனாக ஒரு துண்டு அறுத்து, தாயின் முன்னால் வைத்தான். கெர்கினா அதைத் தள்ளிவிட்டாள்.

"குளிர் பூரா என் புள்ள ரொட்டியைப் பழிச்சீங்களே, இப்ப என் பீப்பாய்க்கு வந்துட்டீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு போடணுங்கற?" என்றாள்.

இருபது போதும் என்றாள் மருமகள்.

"இருபத்தஞ்சு."

"இருபத்திரண்டு, அத்தை."

"சரி, உன் முகத்துக்காக," என்றாள் கெர்கினா.

மே இருபத்தேழாம் தேதி குழு வந்தது. அதுவரை இதழிலிருந்து பதில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் முக்கியமான காரியத்துக்குக் கிளம்புகிறவர்களின் காலடியில் தண்ணீர் ஊற்றுவோம். காரியமும் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடும். கெர்கினா செப்புக் குடத்தோடு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டாள், நாலாம் மாடி வாசலில் ஊற்றுவேன் என்று. அன்று பார்த்துக் கட்டிடத்தில் தண்ணீர் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் எங்கள் பரிசோதனையில் மிச்சமான கோஸ் சாறு இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. வெசெலினாவின் புதுச் செருப்பு நனைய, கதவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஊற்றிவிட்டாள்.

தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த மூன்று பேரும் அந்த வாசனைக்குள் நடந்து வந்தார்கள். தலைவி கண்டிப்பான அம்மாள். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முந்தின நாள் தங்கை மகன் கல்யாணமாம். நடு நடையில் நின்று மூச்சை இழுத்தார். அவர் முகத்தில் தெரிந்த ஏக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கல்யாணத்தில் குடித்துவிட்டு மறுநாள் வருகிற தலைவலிக்குக் கோஸ் சாற்றை விட மருந்து எங்களிடம் உண்டா? கழுவி வைத்திருந்த ஒரு பாட்டிலில் மிச்சத்தை ஊற்றி, டம்ளரோடு கொடுத்தேன்.

ஒரு டம்ளர் குடித்தார், நிறம் வந்தது. இரண்டாவதுக்குக் கையை நீட்டினார். கீனா எழுந்து பாட்டிலை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

"ஒண்ணு போதும் சார். எங்க கட்டுரையைப் படிச்சிருந்தா ரெண்டாவது கேட்டிருக்கமாட்டீங்க."

தலைவி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்து, எந்தக் கட்டுரை என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் கீனாவும் வெசெலினாவும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். நூற்று மூன்று பாட்டில், அறுபது பீப்பாய், கல்லறையிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த பதினேழு என்று எதையும் மறைக்கவில்லை. தப்பு நடந்த விதத்தையும் கட்டுரையிலேயே எழுதியிருந்தாள் வெசெலினா. தலைவி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பதில் வரட்டும், மாதம் முடிய நாலு நாள் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒல்லி மனிதர் போகும்போது மிச்சச் சாற்றைப் பாட்டிலோடு கேட்டு வாங்கிக்கொண்டார். தினம் ஒரு டம்ளர்தான் என்று கீனாவிடம் சத்தியம் செய்தார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். லாஸர் படிக்கட்டில் இறங்கி ஓடியதை மூன்றாம் மாடி நர்சிங் துறைக்காரர்கள் தீ விபத்து என்று நினைத்தார்கள். நல்லது நடந்தவர்கள்தான் ஊருக்குத் தின்னக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஸ்டோயில் அன்று சுட்ட ரொட்டி முழுவதையும் நாலாம் மாடிக்குக் கொண்டுவந்து இறக்கினான். மீன்காரனுக்கும் ஒரு துண்டு அனுப்பினான், உப்பு போட்ட பழைய கணக்கில்.

ஹானோவருக்கு வெசெலினா ஒரே பக்கத்தில் நன்றி எழுதினாள். உறையை ஒட்டப் போனபோது கெர்கினா கையைப் பிடித்தாள். வெறும் தாளா போகிறது என்று கேட்டு, மார்ச்சில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலை மடித்து உள்ளே வைத்தாள்.

ஜூன் மாதம் குழுவின் அனுமதிக் கடிதம் வந்து ஒரு வாரம் ஆனபிறகு துறைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தேன். நான் அன்று கொடுத்த பாட்டில். அது நிறைய லிண்டன் மரத்துப் பூத் தேன். ஒரு சின்னச் சீட்டு: எங்கள் வீட்டிலும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை, முடிவு வந்தபிறகு அனுப்புவதால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று அந்த ஒல்லி மனிதர் எழுதியிருந்தார். பாட்டிலைத் திருப்பினேன். நான் எவ்வளவு கழுவியும் போகாத பெயர்ச்சீட்டு அதில் ஒட்டியிருந்தது. ஸ்வெத்கோ இவனோவ், எண் நாற்பத்தொன்று.

வெசெலினாவும் ஸ்டோயிலும் அதைக் கோர்னா வ்ரனாவுக்கு எடுத்துப் போனார்கள். நானும் போனேன். த்சோன்கா வாசலிலேயே வாங்கிப் பெயரைப் படித்தாள். அப்புறம் உள்ளே பார்த்து, யாரோ இருக்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"ஸ்வெத்கோ, உனக்கு சோஃபியாவிலிருந்து தேன் வந்திருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எங்களை உள்ளே கூப்பிட்டு ரொட்டி அறுத்தாள். நாங்கள் கிளம்பும்போது எங்கள் கூடையில் முட்டை நிரம்பியிருந்தது.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வருகிற பாத்திரம் நிறைந்து திரும்பட்டும். உங்கள் வீட்டிலிருந்து போகிற பாத்திரமும் நிறைந்தே வரட்டும். உங்களில் யாரும் ஒன்றாகச் சாப்பிடுகிற மேசையை விட்டுப் பிழைப்புக்காகப் பிரிய வேண்டாம். தூரத்தில் இருக்கிறவர்கள் பெயருக்கும் உங்கள் வாசலில் எப்போதாவது ஒரு நல்லது வந்து சேரட்டும். போகும்போது மேசை மேல் இருக்கிற கோஸ் ஜாடியை எடுத்துக்கொண்டு போங்கள். லிட்டருக்கு இருபத்திரண்டுதான் போட்டிருக்கிறேன்.